வெள்ளிக் காசும் வண்ணக்கன் கண்ணும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பேச வந்தவன், கவிதையை விட்டுவிட்டுக் காசைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். உரையின் பொருள் என்ன என்று செயலாளர் கேட்டபோது, 'வெள்ளிக் காசு' என்றேன். 'மலருக்கு நன்கொடை திரட்டப் போகிறீர்களா?' என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவருக்கு ஏமாற்றம் அளித்ததற்கு முதலிலேயே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆயினும் காசுக்கும் கவிஞருக்கும் உள்ள உறவு நான் இன்று கற்பிப்பதன்று. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்ற பெயர்கள் அதில் உள்ளன. வண்ணக்கன் என்பவன் நாணயத்தை ஆய்ந்து தரம் சொல்பவன். பிற்காலத்தார் நோட்டக்காரன் என்று குறித்த தொழிலைச் செய்தவன். பகலில் பிறர் காசை நோட்டம் பார்த்த கண்கள்தாம் பாட்டும் கட்டியிருக்கின்றன. நம் மொழியிலோ 'நாணயம்' என்ற சொல்லே காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாத குணத்தையும் குறிக்கிறது. இந்த இரண்டு பொருள்களும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளி ரூபாய்களைச் சேர்த்து வருகிறேன். நான் வாணிகன் அல்லன். தேர்ந்த நாணயவியல் அறிஞனும் அல்லன். சேகரிப்போர் என்னிடம் காசைக் காட்டிக் கேட்பவை இரண்டே கேள்விகள். இதைத் துலக்கியிருக்கிறார்களா? இதற்குச் சொல்லப்படும் தரம் உண்மைதானா? இரண்டும் எளிய கேள்விகள்போல் தோன்றும். இவற்றுக்கு விடை சொல்லும் முறையை முதலில் சொல்லிவிட்டு, அம்முறை தெரிந்திருந்தும் நான் தவறிய ஓர் இடத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காசைப் பற்றி. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கும்பினி ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே வகை ரூபாய் வந்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம் தலை பொறித்த காசு முதலில் வந்தது; 1840 முதல் விக்டோரியா; 1862 முதல் முடி சூடிய விக்டோரியா; 1877 முதல் 'குயின்' என்ற சொல் நீங்கி 'எம்ப்ரெஸ்' என்ற சொல் வந்தது. அதன்பின் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். நூறாண்டுக்கு மேல் இந்த எடையும் மாற்றும் மாறவில்லை. 1940இல்தான் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. நம் வீடுகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று மருந்துச் சரக்கையும் பொன்னையும் நிறுத்தார்களே, அந்த ரூபாய் இதுதான்.

இக்காசு அக்கசாலையில் பிறக்கும்போது நிகழ்வது ஒன்றைத் தெரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்போகும் எல்லாமே விளங்கிவிடும். வெள்ளி வட்டை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்துப் பேரழுத்தத்தில் அடிக்கிறார்கள். அந்தக் கணத்தில் திட உலோகம் மாவுபோல் குழைந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அவ்வாறு ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாகக் காசின் முகத்தில் பதிந்துவிடுகிறது. புதிய காசைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கீற்றுகள் நடுவைச் சுற்றிச் சுழல்வதைக் காணலாம். காசின் பொலிவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வழவழப்பினால் வருவது கண்ணாடி மினுக்கு. காசின் பொலிவு இந்த நுண்வரிகளால் வருவது. காசின் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அச்சடிக்கும் அந்த நொடியில் மட்டும் அது உண்டாகிறது. தேய்ந்தால் போயிற்று, தேய்த்தாலும் போயிற்று. மீண்டும் உண்டாக்க எந்தக் கம்மியராலும் முடியாது.

இனி, தேய்ப்பதைப் பற்றி. வெள்ளியைத் துலக்குவது நமக்கு நாள்தோறும் உள்ள பழக்கம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்போம். வெள்ளிக் கிண்ணத்தை விபூதியிட்டுத் தேய்ப்போம். என் பாட்டியிடம் இரண்டு விக்டோரியா ரூபாய்கள் இருந்தன. இரண்டுமே 1901ஆம் ஆண்டுக் காசுகள். ஒன்று பூசை அறையில் இருந்தது. வெள்ளிதோறும் அதை விபூதியால் துலக்கிக் குங்குமம் இடுவார். அரசியின் முகம் மழுங்கி, கன்னமும் நெற்றியும் ஒன்றாகிவிட்டன; காசோ நிலாப்போல் வெளுத்திருந்தது. மற்றொன்று டிரங்குப் பெட்டியின் அடியில், துணி முடிச்சில், யாரும் தொடாமல் கிடந்தது. அது விளிம்பில் கருநீலமும், உள்ளே செம்மையும், நடுவில் பொன்னுமாய் நிறமேறியிருந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. கறுத்த காசு கெட்ட காசு என்று எண்ணி, பற்பொடியைப் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். வெளுத்தது. பாட்டியிடம் பெருமையோடு காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, 'ஏன்டா, அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துதே' என்றார். அவ்வளவுதான். அவர் துலக்கியது பூசைக் காசு. அதற்குரிய பணியை அது செய்தது, அதில் குறை காண எனக்கு உரிமை இல்லை. நான் துலக்கியதற்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் மேல் அரும்பிய நிறம் முழுவதும் போய், பற்பொடியின் கீறல்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

அந்தக் கீறல்களே நோட்டத்தின் முதல் பாடம். காசை விரலிடையில் விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், முகத்தைத் தொடலாகாது. கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குமிழ்விளக்கின் ஒளியில் பார்க்க வேண்டும். பரவிய ஒளி குற்றங்களை மறைக்கும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி காட்டிக்கொடுக்கும். காசைச் சாய்த்து, மெல்ல முழு வட்டமாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில், எழுத்துகளுக்கும் தலைக்கும் இடைப்பட்ட வெறுந்தளத்தில், மயிரிழை போன்ற கீறல்கள் கூட்டமாக மின்னி மறைந்தால், துணியோ தூரிகையோ அங்கே சென்று வந்திருக்கிறது என்று அறியலாம். புழக்கத்தில் விழும் கீறல்கள் ஒன்றோடொன்று சேராமல், பல திசையில், பல ஆழத்தில் இருக்கும். துலக்கிய கீறல்கள் ஒரே கை அசைவின் ஒழுங்கில், இணைகோடுகளாகவோ வட்டங்களாகவோ செல்லும். முன்னவை தற்செயலாக நேர்ந்தவை. பின்னவை ஒருவர் வேண்டுமென்றே செய்தவை.

இங்கே அவசரப்பட்டுப் பழி சொல்லிவிடவும் கூடாது. எல்லாக் கோடும் கீறல் அன்று. அக்கசாலையில் அச்சையே சில வேளை தீட்டுவார்கள். அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாகப் பதியும். மேலும், அச்சில் தட்டையாக வெளியே நிற்பது காசின் வெறுந்தளம். உருவமும் எழுத்தும் அச்சில் பள்ளங்கள். தீட்டும் கல் பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே அச்சுக்கோடு மேடாக இருக்கும். எழுத்தின் ஓரம்வரை வந்து நின்றுவிடும். துலக்கிய கோடு பள்ளமாக இருக்கும். தளத்திலிருந்து எழுத்தின் மேலேறி அப்பாலும் செல்லும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும், இவ்விரண்டையும் பிரித்தறிய. இதை அறியாமல், பிறக்கும்போதே கோடு வாங்கி வந்த நல்ல காசைத் 'துலக்கியது' என்று தள்ளியவர்கள் உண்டு. நானும் ஒருமுறை தள்ளியிருக்கிறேன். குற்றம் காண்பதிலும் தேர்ச்சி வேண்டும்.

இரண்டாவது பாடம், நிறம். காற்றிலும் துணியிலும் காகிதத்திலும் மரப்பெட்டியிலும் உள்ள கந்தகத்தோடு வெள்ளி மெல்லச் சேர்ந்து, மேலே மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. சவர்க்காரக் குமிழியில் வண்ணம் தோன்றுவது எப்படியோ, அப்படியே இப்படலத்தின் பருமனுக்கு ஏற்ப வண்ணம் மாறும். முதலில் இளம்பொன், பிறகு செம்மையும் ஊதாவும், பிறகு நீலம், படலம் தடித்துக்கொண்டே போனால் கடைசியில் கரி. இந்த வரிசையில் இயற்கை தாண்டிக் குதிப்பதில்லை. விளிம்பில் நீலமும், உள்நோக்கி வரவரச் செம்மையும் பொன்னும் ஒன்றிலொன்று கரைந்து நின்றால், அது பல ஆண்டுகள் அமைதியாகக் கிடந்த காசு என்று நம்பலாம். வெறும் வெள்ளை மேல் பளிச்சென்ற நீலத் திட்டு தனித்து நின்றாலோ, வண்ணம் எழுத்தின் நிழலையும் மேட்டையும் பாராமல் சாயம் கொட்டியதுபோல் பரவியிருந்தாலோ, வண்ணத்துக்கு அடியில் மயிர்க்கீறல்கள் தெரிந்தாலோ ஐயம் கொள்ள வேண்டும். துலக்கிய குற்றத்தை மறைக்க மேலே நிறம் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். முகம் கழுவியதை மறைக்கப் பூசும் அரிதாரம் அது.

மூன்றாவது, அமிலத்தில் தோய்த்தெடுத்த காசு. இதில் கீறல் இராது; அதனால் இதை அறிவது அரிது. கடைகளில் கிடைக்கும் திரவத்தில் சில நொடி முக்கினால் கரும்படலம் கரைந்து போகும். படலத்தில் உள்ளதும் காசின் வெள்ளியே ஆகையால், அது போகும்போது காசின் மேற்பரப்பில் மிக நுண்ணிய ஓர் அடுக்கும் போய்விடுகிறது. ஒருமுறை, கவனமாகச் செய்தால் பெரும்பாலோர் கண்டறிய முடியாது. மீண்டும் மீண்டும் செய்தால், நான் முன்பு சொன்ன நுண்வரிகள் கரைந்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். காசு வெள்ளையாக இருக்கும். ஆனால் சாய்த்தால் ஒளி நகராது. சுண்ணாம்புச் சுவரைப் பார்ப்பது போலிருக்கும். நூற்றிருபது ஆண்டு வயதுடைய காசு நேற்று அச்சடித்ததைப்போல் வெளுத்திருந்து, எழுத்தின் இடுக்குகளில் மட்டும் பழைய கருமை ஒட்டியிருந்தால், அந்த வெளுப்பு எப்படி வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்பவனுக்காகத்தான் அந்தத் திரவம் விற்கப்படுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போலிப் பொலிவு உண்டாக்குவது ஒரு வழி; எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் வரப்புபோல் ஒதுங்கி நிற்பதை லென்ஸில் காணலாம். நம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் காசுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காசுமாலையிலோ பதக்கத்திலோ கோத்திருந்த ரூபாயின் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். வளையத்தை எடுத்துவிட்டு அரம் போட்டு மட்டம் செய்திருப்பார்கள். விளிம்பின் வரிப்பற்கள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். ஆகையால் இரு முகத்தையும் பார்த்துவிட்டு விளிம்பைப் பாராமல் விடுவது, நூலின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் காசை எதுவுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். மென்பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்த காசில் பச்சையாகப் பிசின் படியும். அதை அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்தால் பிசின் கரையும். வெள்ளிக்கு ஊறு நேராது. காசின் மேல் வந்து ஒட்டிய அயலானை நீக்குவது ஒன்று. காசின் மேனியையே அகற்றுவது வேறு. பழஞ்சுவடியில் செல்லரித்த தூசியைத் தட்டுவதற்கும், விளங்காத சொல்லைச் சுரண்டிவிட்டு நமக்குத் தெரிந்த சொல்லை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அது. இந்த அவையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி இரண்டாவது கேள்வி: தரம்.

காசின் தேய்மானத்தை அளக்க இன்று உலகெங்கும் வழங்குவது 1 முதல் 70 வரையான எண் வரிசை. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலறிஞர், தம் நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்காக 1949இல் வகுத்தது. அடையாளம் மட்டும் தெரியும் காசுக்கு 1. குறையே இல்லாத காசுக்கு 70. முன்னதைப்போல் பின்னது எழுபது மடங்கு விலை பெறும் என்ற கணக்கில் தொடங்கியது அது. விலைக் கணக்கு வெகு விரைவில் பொய்த்துப்போயிற்று, எண்கள் நிலைத்துவிட்டன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவில் தனி நிறுவனங்கள் தோன்றி, காசைப் பார்த்து எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. துலக்கிய காசு என்று கண்டால் எண் தராமல், 'துலக்கப்பட்டது' என்று குறித்து, தேய்மான நிலையை மட்டும் சொல்வது அவற்றின் வழக்கம்.

இந்த ஷெல்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த செப்புக் காசுகளைத் தாம் எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தாழ்ந்தவற்றை அவர் வைத்துவிட்டிருந்தார் என்பது, 1977இல் அவர் மறைந்த பிறகு வெளிப்பட்டது. எந்தக் காசு உயர்ந்தது, எந்தக் காசு தாழ்ந்தது என்று அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. தரம் அறிந்த கண் இருந்தது. நாணயத்தின் மற்றொரு பொருள் இல்லாமற்போயிற்று. இதை அறிந்த நாளிலிருந்து, தரம் சொல்லும் திறமையை மட்டும் வைத்து ஒருவரை மதிப்பதை நான் விட்டுவிட்டேன்.

தரம் மிகையாகச் சொல்லப்படுவது எங்கே? பெரும்பாலும் ஒரே எல்லையில்தான். புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை எண். சற்றே புழங்கியதற்கு 50 முதல் 58 வரை. 58க்கும் 60க்கும் இடையில் உள்ளது எண்ணளவில் இரண்டு. அரிய காசானால் விலையில் பெரும் இடைவெளி. ஆகவே சற்றே புழங்கிய காசைப் புழங்காதது என்று சொல்ல விற்பவருக்கும் ஆசை, கேட்க வாங்குபவருக்கும் ஆசை. இரண்டு ஆசைகள் ஒரே திசையில் இழுக்கும்போது உண்மை தனியாக நிற்கிறது.

பார்க்கும் முறை இது. காசில் எது மிக மேடோ அதுவே முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், ஆடையின் பூவேலை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கன்னம், புருவம், காது, முடியின் பட்டை. அந்த இடங்களில் காசைச் சாய்த்து ஒளியைச் சுழல விடுங்கள். சுழலும் கீற்று கன்னத்தின் மேலும் தடையின்றி ஏறிச் சென்றால், அது புழங்காத காசு. கன்னம் வந்ததும் ஒளி அறுந்து, அங்கே சாம்பல் நிறத்தில் மங்கலான திட்டு தெரிந்தால், எத்தனை அழகாக இருந்தாலும் அது சட்டைப்பைக்குள் போய் வந்த காசு. அச்சு சரியாக அழுந்தாமல் கூந்தல் வரிகள் பதியாத காசும் உண்டு. அங்கே வரி இராது, ஆனால் பொலிவு இருக்கும். பிறவியிலேயே வராத வரியையும் வாழ்வில் இழந்த வரியையும் பொலிவு ஒன்றே பிரித்துக் காட்டும். அக்கசாலை மூட்டைகளில் காசோடு காசு இடித்த வடுக்கள் புழங்காத காசிலும் இருக்கும். அதனால்தான் வடு நிறைந்த 60ஐவிட, மெல்லத் தேய்ந்த 58 சில வேளை கண்ணுக்கு இனிதாக இருக்கிறது. எண்ணும் அழகும் ஒன்றல்ல; இரண்டையும் தனித்தனியே சொல்லத் தெரிய வேண்டும்.

இதுவரை சொன்னவை கற்றுக்கொள்ளக்கூடியவை. ஒரு மழைக்காலம் முயன்றால் உங்களில் எவரும் கற்றுவிடலாம். இனிச் சொல்லப்போவது அத்தகையதன்று.

நம் வட்டத்தில் ஒரு நண்பர் இருந்தார். பெயர் வேண்டாம், மூத்தவர்களுக்குத் தெரியும். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல கவிஞர். என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் காசுப் பித்துப் பிடித்தது. ஒருநாள் 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அக்காசின் கதையை அறிந்திருப்பீர்கள். மன்னரின் அங்கியில் உள்ள யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தோன்றியதால் மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது; காசைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள்; 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். எஞ்சியவற்றுக்கு ஆகையால் மதிப்பு. 'புழங்காத காசு' என்று சொல்லி ஒருவர் விற்றிருந்தார். நண்பர் தம் ஓய்வூதியத்தில் பல மாதம் மிச்சம் பிடித்த தொகையைக் கொடுத்திருந்தார்.

விளக்கருகே கொண்டுபோய் ஒருமுறை சாய்த்தேன். தளம் முழுதும் மயிர்க்கீறல். மன்னரின் கன்னத்தில் சாம்பல் திட்டு. துலக்கிய காசு, புழங்கிய காசு. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போது அவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 'யானை எப்படி இருக்கிறது பார்த்தீர்களா!' என்று குழந்தைபோல் சிரித்தார். 'நல்ல காசு' என்றேன்.

அவர் மறைந்து ஓராண்டுக்குப் பிறகு அவருடைய மகள் ஒரு சிறு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். காசுகளை விற்கப் போனாராம். கொடுத்த விலையில் சிறு பங்கைத்தான் சொன்னார்களாம். 'அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன் மாமா. நீங்கள் பார்த்து நல்ல காசு என்று சொன்னவைதானே?' என்றார். பெட்டிக்குள் காகித உறைகள் நான்கு. முதல் உறையில் 1911ஆம் ஆண்டு ரூபாய். உறையின் மேல், எனக்கு நன்கு தெரிந்த அந்தச் சாய்ந்த கையெழுத்தில், என் பெயரும் நாளும் இட்டு, 'பார்த்தார். நல்ல காசு' என்று எழுதியிருந்தது. மற்ற மூன்று உறைகளிலும் இருந்தவை அதற்குப் பிறகு, அதே ஆளிடம், என் சொல்லை நம்பி வாங்கியவை. மூன்றும் துலக்கியவை.

நண்பர்களே, அன்று நான் சொன்னது அன்பினால் சொன்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் முதற்காசில் உண்மை சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு மாலைப்பொழுது கெட்டிருக்கும். மற்ற மூன்று காசுகள் வந்திருக்க மாட்டா. தவிரவும், உண்மையை இன்முகத்தோடு சொல்ல வழி இல்லாமலும் இல்லை. 'விளக்கைக் கொஞ்சம் அருகே இழுங்கள். இந்தக் கோடுகள் தெரிகின்றனவா?' என்று அவர் கையிலேயே லென்ஸைக் கொடுத்திருக்கலாம். தீர்ப்புச் சொல்லாமல், பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அவர் கவிஞர், பார்க்கக் கூடியவர். அந்த மதிப்பைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் இன்று என்னை உறுத்துகிறது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை ஏற்றி, காசைச் சாய்த்துக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். 'ஆமாம், தெரிகிறது' என்றார். பிறகு, 'இந்த ஒன்றை மட்டும் நான் விற்கவில்லை மாமா' என்று 1911ஐ எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டார். உறையின் மேலிருந்த எழுத்தை நான் திருத்த முன்வந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பத்தாண்டுகளாக நாம் மாதந்தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு வருகிறோம். அணிந்துரைகள் எழுதியிருக்கிறோம், வெளியீட்டு விழாக்களில் பேசியிருக்கிறோம். நம் அணிந்துரைகளை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், நம் ஊரில் 58ஆம் தரத்துக் கவிதை ஒன்றுகூட எழுதப்படவில்லை, அனைத்தும் 70 என்றே ஒருவர் முடிவு கட்டக்கூடும். நானும் எழுதியிருக்கிறேன். முகம் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை நம்பி அவர்கள் அடுத்த மூன்று தொகுதிகளை வெளியிட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம், அந்த நான்கு உறைகளைக் கண்ட பிறகே எனக்கு வந்தது.

காசுக்கும் கவிதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது நமக்குச் சாதகமானது. துலக்கிய காசைப் பழையபடி ஆக்க முடியாது. கவிதையை அடுத்த நாள் காலையில் எடுத்துத் திருத்தலாம். ஆகையால் உண்மை சொல்வதால் காசுக்காரருக்கு நேரும் இழப்பு கவிஞருக்கு இல்லை, ஊதியமே உண்டு. எனவே அடுத்த பத்தாண்டுகளுக்கு நான் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். நம் கூட்டங்களில் 'அருமை' என்று சொல்வதற்கு முன், அந்த வரியை விளக்கருகே கொண்டுபோய் ஒருமுறை சாய்த்துப் பார்ப்போம். ஒளி எங்கே ஓடுகிறது, எங்கே அறுகிறது என்பதை எழுதியவரோடு சேர்ந்தே பார்ப்போம். பிறவியிலேயே வந்த கோட்டைக் குற்றம் என்று தள்ளாமலும் இருப்போம்.

இன்று வந்திருக்கும் இளைய கவிஞர்களில் எவருடைய வீட்டுப் பெட்டியிலாவது கறுத்த வெள்ளி ரூபாய் கிடந்தால், அருள்கூர்ந்து விபூதிச் சம்புடத்தைத் தேடாதீர்கள். அப்படியே எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். இம்முறை உள்ளதைச் சொல்கிறேன்.